சென்சிட்டிவிட்டி எண்ணைக் கடைசியாகத் தொடுங்கள்: கேம் கன்ட்ரோலரைச் சரியாக அமைப்பது எப்படி

கன்ட்ரோலரில் துப்பாக்கி கேம் ஆடும்போது எய்ம் பிடிபடவில்லை என்றதும் எல்லாருடைய கையும் நேராகப் போவது சென்சிட்டிவிட்டி எண்ணுக்குத்தான், அதாவது ஸ்டிக்கைத் தள்ளினால் குறி எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்பதை முடிவுசெய்யும் எண்ணுக்கு. யூடியூபில் யாரோ 7 வைத்திருக்கிறார் என்று 7 வைப்பது, இரண்டு மேட்ச் தோற்றதும் 5-க்கு இறக்குவது, மறுநாள் திரும்ப ஏற்றுவது. இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் கட்டைவிரலுக்கு எந்த வேகமும் பழகாது. அந்த எண்ணுக்கு முன்னால் சரிபார்க்க வேண்டியவை நான்கு: டிவியின் தாமதம், ஸ்டிக்கின் நிலை, டெட் ஸோன், ரெஸ்பான்ஸ் கர்வ். இதே வரிசையில் போங்கள். டிவியில் இருக்கும் கோளாறுக்கு சென்சிட்டிவிட்டியைக் குறைத்தால், டிவியைச் சரிசெய்யும் நாளில் அந்த அமைப்பு முழுவதும் வீணாகிவிடும்.

அடுத்தவர் எண் நமக்கு உதவாததற்கும் காரணம் உண்டு. ஒரு கேமில் சென்சிட்டிவிட்டி 1 முதல் 20 வரை, இன்னொன்றில் 1 முதல் 8 வரை, வேறொன்றில் விழுக்காட்டில். ஒரே கேமிலும் அவருடைய டெட் ஸோன், கர்வ், டிவி, ஸ்டிக்கின் உயரம் எல்லாம் வேறு. அதனால் கீழே எண்ணைச் சொல்லாமல் அளக்கும் முறையைச் சொல்கிறோம். அளவு கையில் இருந்தால் எந்த கேமுக்கும் அதைக் கொண்டுபோகலாம்.

டிவியும் கேபிளும்

திரையில் படம் தாமதமாக வந்தால் குறி எப்போதும் எதிரியைத் தாண்டிப் போய் நிற்கும். கணக்கு எளிது. நொடிக்கு 180 டிகிரி திரும்பும் வேகத்தில் 100 மில்லிசெகண்ட் தாமதம் இருந்தால், நீங்கள் விரலை விடும்போது திரையில் தெரிவதைவிட 18 டிகிரி முன்னாலேயே கேம் திரும்பிவிட்டிருக்கும். தாமதம் 20 மில்லிசெகண்டாக இறங்கினால் அது 3.6 டிகிரிதான். இந்தத் தாண்டலைத்தான் பலர் "சென்சிட்டிவிட்டி அதிகம்" என்று நினைத்து எண்ணைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள்.

டிவி ரிமோட்டில் பிக்சர் செட்டிங் போய் கேம் மோடை ஆன் செய்யுங்கள். பழைய டிவியில் கேம் மோட் இல்லையென்றால், எச்டிஎம்ஐ உள்ளீட்டின் பெயரை "பிசி" என்று மாற்றிப் பாருங்கள். சில டிவிகளில் அதுவே படத்தை மெருகேற்றும் வேலைகளை நிறுத்திவிடும். மோஷன் ஸ்மூத்திங், நாய்ஸ் ரிடக்ஷன் இரண்டையும் அணையுங்கள். பல டிவிகளில் கேம் மோட் உள்ளீட்டுக்கு உள்ளீடு தனித்தனியாக நினைவில் இருப்பதால், கேபிளை வேறு எச்டிஎம்ஐ-க்கு மாற்றினால் திரும்பப் பார்க்க வேண்டும்.

கம்ப்யூட்டரில் ஆடுபவர்கள் கிராபிக்ஸை முதலில் முடிவுசெய்து ஃபிரேம் ரேட்டை, அதாவது நொடிக்கு எத்தனை படம் என்பதை, நிலையாக்கிக்கொள்ளுங்கள். 40-க்கும் 90-க்கும் இடையே ஏறி இறங்கும் கேமில் எந்த சென்சிட்டிவிட்டியும் ஒரே மாதிரி இருக்காது.

கன்ட்ரோலரை முடிந்தவரை கேபிளில் ஆடுங்கள். மொபைல் சார்ஜருடன் வரும் மலிவான கேபிள்கள் சிலவற்றில் டேட்டா ஒயரே இருக்காது. சார்ஜ் ஏறும், ஆனால் கன்ட்ரோலர் ப்ளூடூத்தில்தான் பேசிக்கொண்டிருக்கும். பிஎஸ்5-இல் செட்டிங்ஸ், அக்சசரீஸ், கன்ட்ரோலர்ஸ் போனால் கம்யூனிகேஷன் மெத்தட் இருக்கும். அங்கே யுஎஸ்பி கேபிளைத் தேர்ந்தெடுங்கள். பிஎஸ்4-இல் இது டிவைசஸ் என்பதற்குள் இருக்கிறது. ஆனால் 2016-இல் வந்த புது டூயல்ஷாக் 4 (பிஎஸ்4-இன் கன்ட்ரோலர்) மட்டும்தான் கேபிள் வழியே பேசும். டச்பேடின் மேல் விளிம்பில் மெல்லிய ஒளிக்கோடு தெரிந்தால் அது புதியது.

ஸ்டிக் எப்படி இருக்கிறது

பெரும்பாலான கன்ட்ரோலர்களில் ஸ்டிக்குக்கு அடியில் இரண்டு சிறிய பொட்டென்ஷியோமீட்டர்கள் இருக்கும், ஒன்று இடவலத்துக்கு, ஒன்று மேல்கீழுக்கு. கார்பன் தடத்தின் மேல் ஒரு உலோக நாக்கு உரசிக்கொண்டே நகரும். தடம் தேயத் தேய, ஸ்டிக் நடுவில் இருந்தாலும் சிக்னல் நடுவில் இருக்காது. அதுதான் டிரிஃப்ட். ஹால் எஃபெக்ட், டிஎம்ஆர் ஸ்டிக்குகளில் காந்தத்தைக் கொண்டு அளப்பதால் சென்சாரில் உரசல் இல்லை. ஆனாலும் நடுவுக்குத் தள்ளும் ஸ்பிரிங் தளரத்தான் செய்யும்.

சோதிக்க ஒரு கம்ப்யூட்டரோ லேப்டாப்போ போதும். கன்ட்ரோலரைச் செருகி, பிரவுசரில் கேம்பேட் டெஸ்டர் என்று தேடித் திறந்து, ஏதாவது ஒரு பட்டனை அழுத்துங்கள். அழுத்தாமல் பிரவுசர் கன்ட்ரோலரைக் காட்டாது. ஒவ்வொரு ஸ்டிக்குக்கும் இரண்டு எண்கள் வரும், -1.00 முதல் 1.00 வரை. தொடாதபோது பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

டூயல்ஷாக் 4, பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் இரண்டிலும் தொடாதபோது 0.00392 என்று நிற்பதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். அது பழுது இல்லை. இந்தக் கன்ட்ரோலர்கள் ஸ்டிக்கின் நிலையை 0 முதல் 255 வரை 256 படிகளாக அனுப்புகின்றன. அதன் சரிபாதி 127.5, ஆனால் அரைப் படி கிடையாது. 128-இல் நின்றால் அரைப் படி தள்ளி இருப்பதாகத்தான் கணக்கு வரும், அந்த அரைப் படிதான் 0.00392.

இப்போது ஸ்டிக்கை ஒரு ஓரம் வரை தள்ளி, மெதுவாக விரலோடு நடுவுக்குக் கொண்டுவந்து விடுங்கள். நிற்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நான்கு திசையிலும் பத்துப் பத்து முறை. மெதுவாக விடுவதுதான் முக்கியம். டக்கென்று விட்டால் ஸ்பிரிங் வேகத்தில் நடுவைப் பிடித்துவிடும். மெதுவாக விடும்போதுதான் உராய்வில் சிக்கிக் கொஞ்சம் தள்ளி நிற்கும், கேமில் குறிபார்க்கும்போது நடப்பதும் அதுதான். கிடைத்ததில் பெரிய எண்ணை வைத்துக்கொள்ளுங்கள். 0.05-க்குள் என்றால் நல்ல ஸ்டிக். 0.10 வரை சமாளிக்கலாம். 0.15-ஐத் தாண்டினால் செட்டிங்கில் தீராது, ஸ்டிக்கைக் கவனிக்க வேண்டும்.

அடுத்து ஓரத்தோடு ஒட்டி ஸ்டிக்கை மெல்ல ஒரு வட்டம் சுற்றுங்கள். நான்கு திசையிலும் 1.00-ஐத் தொடுகிறதா பாருங்கள். ஒரு பக்கம் 0.93-லேயே நின்றால் அந்தப் பக்கம் முழு வேகத்தில் திரும்பவே முடியாது. இதை டெட் ஸோனோடு சேர்த்துச் சரிசெய்வோம்.

டெட் ஸோன்

ஆக்ஸிலரேட்டர் கேபிளில் மெக்கானிக் விடும் ப்ளே போன்றது டெட் ஸோன். கொஞ்சம் இருந்தே ஆக வேண்டும், ஆனால் தேவைக்கு மேல் போனால் கை சொல்வது வண்டிக்குப் போகாது. ஸ்டிக்கின் நடுவில் எவ்வளவு தூரம் வரை கேம் கண்டுகொள்ளக் கூடாது என்பதுதான் இந்த அளவு.

மேலே எடுத்த பெரிய எண்ணோடு 0.02 கூட்டுங்கள். 0.06 என்றால் 0.08. கேமில் அளவு 0 முதல் 100 வரை இருந்தால் 8. அவ்வளவுதான். பலரும் 15, 20 என்று வைத்துக்கொண்டு நுண்ணிய எய்ம் வரவில்லையே என்று வருந்துவார்கள். நடுவில் 20 விழுக்காட்டை வெட்டிவிட்டால், குறியை ஒரு நூல் நகர்த்தத் தேவையான இடமே அங்கேதானே இருந்தது.

இடது, வலது ஸ்டிக்குகளுக்குத் தனித்தனி அளவு எடுங்கள். வலது ஸ்டிக்குக்கு இயன்ற அளவு குறைவாக வையுங்கள். இடதில் இரண்டு மூன்று கூடுதலாக இருந்தாலும் பாதகமில்லை.

கம்ப்யூட்டர் இல்லாதவர்கள் கேமுக்குள்ளேயே அளக்கலாம். பயிற்சி மைதானத்தில் வெற்றுச் சுவரைப் பார்த்து நில்லுங்கள். டெட் ஸோனை 0 ஆக்குங்கள். குறி தானாக ஊர்ந்தால் 1, 2 என்று ஏற்றுங்கள். ஊர்வது நின்றதும், நான்கு திசையிலும் மெதுவாகத் தள்ளி மெதுவாக விட்டுப் பாருங்கள். திரும்ப ஊர்ந்தால் இன்னொன்று ஏற்றுங்கள். முழுவதும் அடங்கியபின் 2 கூட்டி நிறுத்துங்கள்.

சில கேம்களில் வெளி டெட் ஸோன் என்று இன்னொரு அளவு இருக்கும், மேக்ஸ் இன்புட் டெட் ஸோன் என்றும் போட்டிருப்பார்கள். எங்கே வரை தள்ளினால் முழு வேகம் என்பது அது. வட்டம் சுற்றியபோது குறைந்த பக்கம் 0.93 வந்தால், இதை 92-இல் வையுங்கள். எல்லாப் பக்கமும் 1.00 தொட்டால் 97, 98 போதும். இதை 80-க்குக் கீழே இறக்கினால் ஸ்டிக்கின் பயண தூரம் வீணாகும், நடுத்தர வேகங்களைப் பிடிப்பதும் கஷ்டமாகும்.

டெட் ஸோன் சரியான அளவில் இருந்தும் குறி முதலில் ஒட்டிக்கொண்டு பிறகு குதித்தால், அநேகமாக இரண்டு இடத்தில் டெட் ஸோன் போடப்பட்டிருக்கும். கம்ப்யூட்டரில் கேம்களை ஓட்டும் ஸ்டீமில் ஒன்று, கேமில் ஒன்று. அல்லது பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைக் கம்ப்யூட்டரில் இயக்க உதவும் டிஎஸ்4விண்டோஸ் மென்பொருளில் ஒன்று, கேமில் ஒன்று. ஒரு இடத்தில் மட்டும் வைத்து மற்றதை 0 ஆக்குங்கள். கேமுக்குள் அளவு இருந்தால் அங்கே வைப்பதே நல்லது. ஸ்டீம் இன்புட்டும் டிஎஸ்4விண்டோஸும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒரு அழுத்தல் இரண்டாகப் பதிவாகும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய கம்ப்யூட்டர் கேம்களில் வேறொரு தொல்லை. விண்டோஸ் கேம்கள் கன்ட்ரோலரைப் படிக்கும் முறையான மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்இன்புட்டில், கேம் எழுதுபவர்களுக்கென்று ஒரு பரிந்துரை அளவு கொடுத்திருக்கிறார்கள்: முழுத் தள்ளல் 32767 என்றால் இடது ஸ்டிக்குக்கு 7849, வலதுக்கு 8689. அதாவது சுமார் 24 விழுக்காடும் 26.5 விழுக்காடும். அதை அப்படியே எடுத்து, மாற்ற வழியும் வைக்காமல் விட்ட கேம்கள் உண்டு. அவற்றில் புத்தம் புது கன்ட்ரோலரும் செத்துக் கிடப்பது போல்தான் இருக்கும். ஸ்டீம் இன்புட்டிலும் டிஎஸ்4விண்டோஸிலும் ஆன்டி டெட் ஸோன் என்று ஒன்று இருக்கிறது. கேம் வெட்டும் பகுதியைத் தாண்டி சிக்னலைத் தொடங்கிவைப்பது அதன் வேலை. 20 விழுக்காட்டில் ஆரம்பித்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஸ்டிக்கைத் தொட்டதுமே குறி அசைகிற இடம் வந்ததும் ஒரு படி இறக்குங்கள்.

இன்னொரு சோதனை, சின்னதுதான், ஆனால் நிறையச் சொல்லும். குறியை மூலைவிட்டமாக, கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்கு, மிக மெதுவாக நகர்த்துங்கள். நேர்கோடாகப் போகாமல் படிக்கட்டு போல ஏறினால், அந்த கேம் இடவலத்துக்கும் மேல்கீழுக்கும் தனித்தனியாக டெட் ஸோன் வெட்டுகிறது. டெட் ஸோன் வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி இருந்தால் ரேடியல் அல்லது சர்க்கிள் என்பதை எடுங்கள். இல்லையென்றால் கேமின் டெட் ஸோனை இயன்ற அளவு குறைப்பதுதான் வழி.

ரெஸ்பான்ஸ் கர்வ்

ஸ்டிக்கைப் பாதி தள்ளினால் பாதி வேகம் வர வேண்டுமா, அதைவிடக் குறைவாகவா? இதை முடிவுசெய்வது கர்வ். முழு வேகம் நொடிக்கு 240 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். லீனியரில், அதாவது தள்ளும் அளவுக்கே வேகம் என்றால், கால்வாசித் தள்ளலுக்கு 60 டிகிரி, பாதிக்கு 120. தள்ளலின் வர்க்கத்துக்கு ஏற்ப வேகம் தரும் இருமடி கர்வில் கால்வாசிக்கு 15 டிகிரிதான், பாதிக்கு 60. அதாவது கால்வாசித் தள்ளலில் லீனியரின் நான்கில் ஒரு பங்கு வேகம், ஆனால் ஓரத்துக்குப் போனால் இரண்டும் ஒன்றே. அதனால்தான் ஒரே சென்சிட்டிவிட்டி எண்ணில் கர்வை மட்டும் மாற்றினால் வேறு கேம் ஆடுவது போல இருக்கும்.

கால் ஆஃப் டியூட்டியில் ஸ்டாண்டர்ட், லீனியர், டைனமிக் என்று மூன்று. ஃபோர்ட்நைட்டில் லீனியர், எக்ஸ்பொனென்ஷியல். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸில் கிளாசிக்கில் தொடங்கி லீனியர் வரை பல. ஸ்டாண்டர்ட், எக்ஸ்பொனென்ஷியல், கிளாசிக் ஆகியவை நடுவில் மென்மையாக இருந்து ஓரத்தில் ஏறும் வகை. டைனமிக் தலைகீழ் எஸ் வடிவம், தொடக்கத்தில் சட்டென்று எழும்பி, நடுவில் நிதானமாகி, கடைசியில் திரும்ப ஏறும்.

கன்ட்ரோலரில் புதிதாகத் துப்பாக்கி கேம் ஆடுபவர்கள் மென்மையான வகையில் தொடங்குங்கள். லீனியர் கையின் சொல்லை அப்படியே கேட்கும், அதனால் கையின் நடுக்கத்தையும் அப்படியே கேட்கும். பல மாதம் ஆடி விரல் நிதானப்பட்டவர்களுக்கு, ஓடும் எதிரியை விடாமல் தொடர லீனியர் அருமையாக இருக்கும். தேய்ந்த ஸ்டிக்கில் மட்டும் லீனியர் வேண்டாம். டெட் ஸோன் பெரிதாக இருக்கும்போது அதன் விளிம்பைத் தாண்டியதும் வேகம் முரட்டுத்தனமாகத் தொடங்கும். கர்வை ஒருமுறை தேர்ந்தெடுத்தால் குறைந்தது ஒரு வாரம் அதை மாற்றாதீர்கள்.

இப்போதுதான் வேகம்

முதலில் இருக்கிற வேகத்தை அளந்துகொள்ளுங்கள். பயிற்சி மைதானத்தில் ஒரு கம்பத்திலோ சுவர் மூலையிலோ குறியை வைத்து, வலது ஸ்டிக்கை ஓரம் வரை தள்ளிப் பிடியுங்கள். மொபைல் ஸ்டாப்வாட்சில் ஐந்து சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று பாருங்கள். பக்கத்தில் ஒருவர் இருந்தால் எளிது, இல்லையென்றால் மொபைலில் வீடியோ எடுத்து எண்ணலாம். ஐந்து சுற்றுக்கு 10 நொடி என்றால் ஒரு சுற்று 2 நொடி. 360-ஐ 2-ஆல் வகுத்தால் நொடிக்கு 180 டிகிரி. ஓரத்தில் பிடித்தே இருந்தால் வேகத்தைக் கூட்டும் வசதி சில கேம்களில் உண்டு. ஏபெக்ஸின் அட்வான்ஸ்டு செட்டிங்கில் அதற்கு டர்னிங் எக்ஸ்ட்ரா யா என்று பெயர். அளக்கும்போது அதை 0 ஆக்குங்கள்.

தொடக்கத்துக்கு நொடிக்கு 180 முதல் 220 டிகிரி வைத்துக்கொள்ளுங்கள். நெருங்கி மோதும் பேட்டில் ராயல் கேம்களில் 240 முதல் 300 வரை தேவைப்படலாம். முதல் நாளே 300-க்குப் போவது பயன் தராது.

அதிலிருந்து உங்களுக்கான அளவைக் கண்டுபிடிக்க மூன்று சோதனைகள். மூன்றையும் எய்ம் அசிஸ்டை அணைத்துவிட்டு, வெற்று இடத்தில் செய்யுங்கள். எய்ம் அசிஸ்ட் எதிரியின் அருகே குறியின் வேகத்தைக் குறைக்கும். கம்ப்யூட்டரே ஆட்டும் எதிரிகளான பாட்களை வைத்து அளந்தால் நீங்கள் அளப்பது அசிஸ்டைத்தான்.

முதலாவது, இரண்டு கம்பங்களுக்கு இடையே குறியை மாற்றி மாற்றி வைப்பது. இருபது முறை செய்து, தாண்டிப்போனது எத்தனை, எட்டாமல் நின்றது எத்தனை என்று எண்ணுங்கள். தாண்டல் பன்னிரண்டுக்கு மேல் என்றால் வேகம் அதிகம். எட்டாதது அந்த அளவு என்றால் குறைவு. இரண்டும் ஏறக்குறைய சமமாக வந்தால் வேகம் சரி, பிழை விரலின் பழக்கத்தில்தான்.

இரண்டாவது, ஒரு விளக்கிலோ சுவர்ப் புள்ளியிலோ குறியை வைத்துக்கொண்டு இடது ஸ்டிக்கால் இடமும் வலமுமாக நடந்தபடி குறியைப் புள்ளியிலேயே பிடித்திருப்பது. உண்மையான சண்டையில் அதிகம் தேவைப்படும் திறமை இதுதான், அதனால் இதற்குத்தான் அதிக மதிப்பெண். புள்ளியைச் சுற்றிக் குறி துடித்தால் வேகத்தைக் குறையுங்கள். பின்தங்கி இழுத்துக்கொண்டே வந்தால் கூட்டுங்கள்.

மூன்றாவது, சட்டென்று பின்னால் திரும்புவது. நொடிக்கு 200 டிகிரியில் 180 டிகிரி திரும்ப 0.9 நொடி ஆகும். முதுகில் சுடும் எதிரிக்கு அது நேரம் கொடுக்கும்தான். ஆனால் இந்த ஒன்றுக்காக மட்டும் வேகத்தை ஏற்றாதீர்கள், மேலே சொன்ன எக்ஸ்ட்ரா வேகத்தைத் திரும்பவும் போட்டு இதைச் சரிசெய்யலாம்.

மாற்றும்போது முதலில் 10 விழுக்காடு, நெருங்கியபின் 5 விழுக்காடு. மேல்கீழ் வேகத்தை இடவல வேகத்தில் 80 முதல் 90 விழுக்காடாக வையுங்கள். எதிரிகள் பெரும்பாலும் இடவலமாகத்தான் ஓடுகிறார்கள், குறி மேலே எகிறிப் போவதைத் தடுக்கவும் இது உதவும். எல்லாம் முடிந்தபின் எய்ம் அசிஸ்டை ஆன் செய்து ஒரு மணி நேரம் ஆடுங்கள். மந்தமாகத் தோன்றினால் ஒரே ஒரு படி கூட்டலாம். பிறகு நான்கைந்து நாள் கை வைக்க வேண்டாம். தோற்ற மேட்சுக்கு அடுத்த நிமிடம் செட்டிங்கைத் திறக்கவே திறக்காதீர்கள்.

ஸ்கோப்புக்குத் தனிக் கணக்கு. பெரிதாக்கிப் பார்க்கும்போது அதே கோணம் திரையில் அதிக தூரமாகத் தெரியும். பார்வைக் கோணம் 80 டிகிரியிலிருந்து 40 ஆகச் சுருங்கினால், திரையில் அதே வேகம் தெரிய, சென்சிட்டிவிட்டி 0.43 மடங்காக இருக்க வேண்டும். பல கேம்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டு, மேலே ஒரு பெருக்கு எண்ணை மட்டும் நம்மிடம் விடுகின்றன. அப்படியானால் 1எக்ஸ், 2எக்ஸ் ஸ்கோப்புக்கு 0.9, நான்குக்கு மேல் 0.8 என்று தொடங்குங்கள். கேம் கணக்குப் போடாத வகையென்றால், 4எக்ஸ் போட்டதும் குறி பறப்பது கண்ணுக்கே தெரியும். அங்கே ஒவ்வொரு ஸ்கோப்பையும் தனியாக இறக்க வேண்டியதுதான்.

மற்றவை, சுருக்கமாக

வைப்ரேஷனை அணையுங்கள். பிஎஸ்5-இல் ட்ரிகர் எஃபெக்டையும் அணைத்தால் சுடும்போது விரல் போராட வேண்டியிருக்காது. இரண்டும் அக்சசரீஸ், கன்ட்ரோலர்ஸ் பகுதியிலேயே இருக்கின்றன. ட்ரிகர் டெட் ஸோனை 0-வுக்குப் பக்கத்தில் வையுங்கள், தானாகச் சுட்டால் மட்டும் ஏற்றுங்கள்.

ஸ்டிக்கின் மேல் மாட்டும் உயரமான ரப்பர் மூடி வலது ஸ்டிக்குக்கு நல்லது. அதே சாய்வுக்குக் கட்டைவிரல் அதிக தூரம் நகர வேண்டியிருப்பதால் நுண்மை கூடும். மாட்டியபின் வேகத்தை 10 விழுக்காடு ஏற்றிப் பாருங்கள்.

கார் கேம்களில் ஸ்டியரிங் டெட் ஸோனை மேலே சொன்ன முறையிலேயே அளந்து வைக்கலாம். எஃப்1 கேம்களில் ஸ்டியரிங் லீனியாரிட்டியைக் கூட்டினால் நடுவில் மென்மை வரும், நேர்ச்சாலையில் கார் அலைவது குறையும். சாச்சுரேஷனைக் கூட்டினால் குறைந்த தள்ளலிலேயே சக்கரம் முழுதாகத் திரும்பும். இரண்டையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

மொபைலில் கால் ஆஃப் டியூட்டி மொபைல் கன்ட்ரோலரை முறைப்படி ஏற்கிறது, கன்ட்ரோலர்காரர்களைத் தங்களுக்குள்ளேயே மோத விடுகிறது. பிஜிஎம்ஐ (பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா) தொடுதிரைக்கும், மொபைலைச் சாய்த்துக் குறிபார்க்கும் கைரோவுக்கும் ஆனது. பட்டனைத் தொடுதலாக மாற்றும் ஆப்களைப் போட்டு ஆடினால் கணக்கே முடங்கும் ஆபத்து உண்டு.

கேமிங் கடையில் ஆடுபவர்களுக்கு

மதுரையில் மணிக்கணக்கு வாடகைக்கு ஆடப் போகிறவர்கள், அதிலும் திருமங்கலத்திலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் பிடித்து வருபவர்கள், செட்டிங் மெனுவிலேயே அரை மணியைத் தொலைக்க முடியாது. மொபைலில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள்: கேமின் பெயர், கர்வ், இடவல வேகம், மேல்கீழ் வேகம், ஸ்கோப் பெருக்கு எண், ஒரு சுற்றுக்கு எத்தனை நொடி. டெட் ஸோனைக் குறிக்காதீர்கள். அது கன்ட்ரோலருக்குச் சொந்தமானது, உங்களுக்கு இல்லை. உட்கார்ந்ததும் டெட் ஸோனை 0 ஆக்கி, சுவரைப் பார்த்து அளந்து, பிறகு குறிப்பில் உள்ளதைப் போடுங்கள். நான்கு நிமிடம் போதும்.

கடையில் ஆடக் கன்ட்ரோலரைக் கையில் கொடுக்கும்போது ஸ்டிக்கின் அடிப்பகுதியைப் பாருங்கள். தண்டு விளிம்பில் உரசி உரசி வெள்ளைப் பொடி வளையமாகப் படிந்திருந்தால் அது நிறைய உழைத்த கன்ட்ரோலர். அந்தப் பொடியும் உள்ளே இறங்கிச் சேரும். வேறொன்றைக் கேளுங்கள். சொந்தக் கன்ட்ரோலரை எடுத்துப்போக அனுமதித்தால் அதுவே சிறந்தது, ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் பைக் டிக்கிக்குள் போட்டு வைக்காதீர்கள். ரப்பர் பிசுபிசுக்கும், பேட்டரிக்கும் கேடு.

வியர்வை, தூசி, பழுது

கோடையில் கட்டைவிரல் வியர்த்தால் ஸ்டிக்கில் வழுக்கும், வழுக்கலை ஈடுகட்ட விரல் அழுத்தும், அழுத்தினால் நுண்மை போய்விடும். பக்கத்தில் ஒரு பருத்தித் துணி வைத்து மேட்சுக்கு மேட்ச் விரலையும் ஸ்டிக்கையும் துடையுங்கள். ஆட்டம் முடிந்ததும் கன்ட்ரோலரைத் துணி போட்டு மூடியோ டப்பாவில் போட்டோ வையுங்கள். ஜன்னலோரம் திறந்து கிடக்கும் கன்ட்ரோலரில் தெருத்தூசி நேராக ஸ்டிக் இடுக்கில்தான் இறங்கும்.

டிரிஃப்ட் தொடங்கினால் முதலில் சுத்தம் செய்து பாருங்கள். தேவை எலக்ட்ரானிக்ஸ் கான்டாக்ட் கிளீனர் அல்லது 99 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹால். டவுன்ஹால் ரோடு பக்கம் எலக்ட்ரானிக்ஸ் சாமான் கடைகளில் கேட்டுப் பாருங்கள். பூட்டுக்கும் செயினுக்கும் அடிக்கும் எண்ணெய் ஸ்பிரேயை அடிக்கவே கூடாது, எண்ணெய்ப் பசையில் தூசி இன்னும் ஒட்டும். கன்ட்ரோலரை முழுவதும் அணைத்து, கேபிளைக் கழற்றி, ஸ்டிக்கை ஒரு பக்கம் சாய்த்து இடுக்கில் ஒரு சிறு பீய்ச்சல். நான்கு பக்கமும் அப்படியே. பிறகு இருபது முப்பது முறை வட்டமாகச் சுற்றி, இருபது நிமிடம் காயவிடுங்கள். தூசியால் வந்த டிரிஃப்ட் என்றால் இதிலேயே அடங்கும். கார்பன் தடம் தேய்ந்து வந்ததென்றால் சில நாளில் திரும்ப வரும்.

திரும்ப வந்தால் ஸ்டிக் மாட்யூலை மாற்ற வேண்டும். டூயல்சென்ஸில் ஒரு மாட்யூலுக்குப் பதினான்கு சால்டர் புள்ளிகள். மொபைல் போர்டு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள், சாதாரண சால்டரிங் அயனால் பிடுங்கினால் போர்டின் தடம் கிழியும். மாற்றியபின், ஸ்டிக்கின் நடுவையும் ஓரங்களையும் கன்ட்ரோலருக்குப் பதிய வைக்கும் கேலிபரேஷனைச் செய்யாமல் வாங்கி வராதீர்கள். டூயல்ஷாக் 4, டூயல்சென்ஸ் இரண்டுக்கும் குரோம் பிரவுசரில் யுஎஸ்பி வழியே இயங்கும் இலவச கேலிபரேஷன் கருவி இருக்கிறது. அதில் நடுப்புள்ளிக்கு ஒன்று, முழு வட்டத்துக்கு ஒன்று என இரண்டையும் முடித்து, நிரந்தரமாகச் சேமிக்கும் பட்டனை அழுத்த வேண்டும். அதை அழுத்தாவிட்டால் கன்ட்ரோலரை அணைத்ததும் எல்லாம் அழிந்துவிடும். அதனால் கடையிலேயே ஒருமுறை அணைத்து ஆன் செய்து, கேம்பேட் டெஸ்டரில் நடு எண்ணையும் நான்கு ஓரங்களையும் பார்த்த பிறகு பணம் கொடுங்கள். புது மாட்யூலுக்கு டெட் ஸோனை முதலிலிருந்து அளக்க வேண்டும். கர்வும் வேகமும் குறிப்பில் உள்ளபடியே இருக்கட்டும்.